மூட்டைக்குள் இருந்தது ஹசீனா

வடக்கே போபோடி என்கிற பேட்டையில் தமிழ் மெஸ் நடத்தும் ஹசீனா ஒரு காலத்தில் டிவி நடிகை. அப்படித்தான் அவள் சொல்வாள். சொன்னால் பெற்ற மகள் மர்ஜானாவே கண்ணை உருட்டுவாள்.

விஷயம் இதுதான். தொண்ணூறுகளில் 'மேஜர் ஜ்வாலா' என்று ஓர் இந்தி சண்டை சீரியல் வந்தது. வாராவாரம் வில்லன் ஒரு பெண்ணைச் சாக்கில் கட்டித் தூக்கிப் போவான். மேஜர் பாய்ந்து பாய்ந்து அடித்து மீட்பார். வேறு கதையா? மூச்! சாக்குத் தூசி தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று கதாநாயகி சிணுங்கியதால், படப்பிடிப்பு நடந்த கட்கியில் அரிசிக் கடை வைத்திருந்த ஹசீனாவின் வாப்பா சாக்கையும் கொடுத்தார், பிள்ளையையும் கொடுத்தார். உள்ளே கிடந்து உதைத்ததெல்லாம் ஹசீனா. அவிழ்த்தால் மட்டும் பவுடர் கலையாமல் கதாநாயகி எழுந்து வருவாள்.

"சாக்குக்குள்ள யாரு இருந்தான்னு யாரு கண்டா, உம்மா?" என்று மர்ஜானா கேட்கும்போதெல்லாம் ஹசீனா கரண்டியை ணங்கென்று போடுவாள். மகளே நம்பவில்லை என்றால் ஊரிடம் என்னத்தைச் சொல்ல?

இப்போது அந்த சீரியலையே சினிமாவாக எடுக்கிறார்களாம். புதிதாக யோசிக்க ஒரு பயலுக்கும் துப்பில்லை. விமான் நகரிலிருந்து ஸ்நேஹா என்கிற உதவி இயக்குநர் மெஸ்ஸைத் தேடி வந்தாள். தமிழ்ப் பெண்தான், தமிழ் பேசத்தான் திணறினாள்.

"ஆன்ட்டி, உங்க கிக் ரொம்ப ஃபேமஸ். ஓல்ட் ஃபேன்ஸ்க்காக நீங்க ஒரு சீன் பண்ணணும்."

"பண்ணுதேன். ஆனா சாக்க அவுத்தா என் மூஞ்சிதான் தெரியணும்."

"பக்கா, ஆன்ட்டி!"

கட்கிப் பக்கம் ஒரு பழைய கிடங்கில் படப்பிடிப்பு. கயிறு கட்டி நிறுத்திய கூட்டத்தில் பாதி போபோடி. முன்னால் மர்ஜானாவும் ஹசீனாவின் புருஷன் பாட்சாவும். சாக்கு வந்தது. துவைத்து, இஸ்திரி போட்டு, சென்ட் அடித்த சாக்கு! ஹீரோ ஒவ்வொரு குத்துக்கும் நடுவே கண்ணாடி பார்த்தார். ஓட ஒரு டூப், தாவ ஒரு டூப். மேஜராம் மேஜர்!

ஹசீனா சாக்குக்குள் உட்கார்ந்த பிறகுதான் ஸ்நேஹா சாவகாசமாகச் சொன்னாள். "ஹீரோ முடிச்சத் தொட்டதும் கட் சொல்வாங்க, ஆன்ட்டி. நீங்க வெளிய வந்துடுங்க, மேடம் உள்ள உட்காருவாங்க. பெரிய ஆர்ட்டிஸ்ட். டைரக்டர் மாத்திட்டாரு, ஸாரி."

ஹசீனா சாக்குக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுபடியும் அதேதானா? அன்றைக்குச் சின்னப் பெண், எழுந்து போய் ஓரமாக நின்று டீ குடித்தாள். இன்றைக்கும் டீதானா?

கட்டும்போது சாக்கின் வாயை உள்ளிருந்தே ஒரு பிடி பிடித்துக்கொண்டால் முடிச்சு இறுகாது. மூச்சு முட்டாமலிருக்க வாப்பா அன்று சொல்லிக்கொடுத்தது அது. பிடித்துக்கொண்டாள்.

கேமரா ஓடியது. உதைத்தாள் பாருங்கள், வில்லனின் ஆள் நிஜமாகவே மல்லாந்தான். ஹீரோ குனிவதற்குள் பிடியை விட்டாள்; முடிச்சு தொளதொளத்தது; தலை வெளியே வந்தது.

"ஏல மேஜரு, வாரதுக்கு இம்புட்டு நேரமால?"

ஹீரோ அலறிப் பின்வாங்கினார். "கட்! கட்!" என்று இயக்குநர் கத்தினார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரே விசில்.

படம் வந்தது. உதையை வைத்துக்கொண்டு முகத்தை வெட்டியிருந்தார்கள். வேறென்ன செய்வார்கள், வெட்கங்கெட்டவர்கள்! தியேட்டரில் மூட்டை அவிழ்ந்து, கொண்டை கலையாமல் மேடம் எழுந்து வந்தார். ஹசீனா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

பக்கத்து சீட்டில் மர்ஜானா விருட்டென்று எழுந்தாள். தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி இந்தியில் கத்தினாள்:

"பொய்! உள்ள இருந்தது எங்க உம்மா!"