திரையில் விழுந்த பெருக்கல் குறி

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது மூன்று, செத்துப்போன என் தங்கை விட்டுப்போனது இரண்டு. ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். யாரிடமும் போய் நின்றதில்லை. படிப்பு மூன்றாம் வகுப்புதான். எழுத்துக்கூட்டி எழுதுகிறேன், பேத்தி கிரேஸ் பார்த்துத் திருத்துவாள், சபையார் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் முடிந்ததும் எனக்கு அடிவயிற்றில் ஒரு கனம். மருமகள் மெர்லின் ஆம்பூரில் ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனாள். நிறையத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். பெஞ்சு முழுக்கப் பிள்ளைத்தாச்சிகள். பக்கத்தில் பர்தா போட்ட பெண், "ஆயா, உங்களுக்கு எத்தினி மாசம்?" என்றாள்.

"எனக்கு மாசக் கணக்கு இல்லம்மா, வருஷக் கணக்கு" என்றேன். பெஞ்சே சிரித்தது. அதற்கப்புறம் வெகுநாள் நான் சிரிக்கவில்லை.

உள்ளே திரையில் கறுப்பாக ஓர் உருண்டை தெரிந்தது. டாக்டரம்மா அதன் இந்த ஓரம் ஒரு பெருக்கல் குறி வைத்தார், அந்த ஓரம் ஒன்று வைத்தார். அது எனக்குத் தெரிந்த குறி.

நான் ஷூ கம்பெனியில் தோல் செக்கிங்கில் இருந்தவள். உண்ணி கடித்த தழும்போ, முள்கம்பிக் கீறலோ கண்ணில் பட்டால் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவேன். குறி விழுந்த தோல் கழிவு. அதைத் திரும்ப மேசைக்கு எடுத்துவர மாட்டார்கள்.

சினைப்பையில் நீர்க்கட்டி, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. ரத்தமும் எடுத்தார்கள். அது நல்லபடியாக இருக்கிறது என்று மெர்லின் சொன்னாள். நான் நம்பவில்லை. மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன். குறியைக் கண்ணால் பார்த்தவள் நானல்லவா?

கேட்டிருக்கலாம். அந்த இடத்தைப் பற்றிப் பேச வெட்கம். ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவள், எனக்குப் பயம் என்று எந்த வாயால் சொல்வது? சோறு இறங்கவில்லை. என் நல்ல பட்டுப்புடவையை எடுத்து மெர்லினிடம் கொடுத்தேன்.

"இப்ப எதுக்கு அத்த இது?" என்றாள். புடவையை அவள் மடியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில், பெண்கள் ஜெபக்கூட்டத்தில், காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தைக்காக என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். ஒரு வார்த்தை வரவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். முழங்கால் மடங்காது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஆண்டவரே, சுகம் குடும்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல. அந்த வாயையாவது குடும்" என்று அழுதேன்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

ஈஸ்டர் கழிந்து மறுபடி ஸ்கேன். போக மாட்டேன் என்றேன், மெர்லின் விடவில்லை. அதே இருட்டு அறை, வயிற்றில் அதே சில்லென்ற களிம்பு. திரையில் முதல் குறி விழுந்தது. இரண்டாவது குறி விழுவதற்குள் என் வாய் தானாகத் திறந்தது.

"என்னக் கழிச்சிட்டீங்களா டாக்டரம்மா?"

அவர் கையை நிறுத்தினார். இன்னா சொல்றீங்க என்று கேட்டார். தோல், சாக்பீஸ், குறி எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார்.

"இது அளவு எடுக்கற குறிம்மா. டெய்லர் துணில போடுவாரே, அந்த மாதிரி. போன தடவ இருந்த அளவுதான் இருக்கு, பெருசாகல. கெட்ட கட்டி மாதிரி தெரியல. ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க."

மூன்று மாதம் அந்தக் கேள்வி என் தொண்டையிலேயே கிடந்தது. என் வாயைத் திறந்தவர் கர்த்தர். நான் திறக்கவில்லை, என்னால் ஆகவும் இல்லை.

கட்டி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அடுத்த தடவை என்ன சொல்வார்களோ, தெரியாது. ஆனால் சோறு இறங்குகிறது. அந்தக் குழந்தைக்காகவும் ஜெபித்துவிட்டேன். பயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கும் சகோதரிகளே, கர்த்தரிடமும் கேளுங்கள், டாக்டரிடமும் கேளுங்கள். கேட்க வாய் வராவிட்டால், முதலில் அந்த வாயைக் கேளுங்கள். கொடுப்பார்.

கிரேஸ், வா கண்ணு. ஆயா எழுதினத மொதல்லருந்து படிச்சுக் காட்டு. தப்பு இருக்கற எடத்துல பெருக்கல் குறியே போடு. பரவால்ல, போடு.