றோஸ்மேரியிடம் கிடந்த கடவுச்சொற்கள்

இருநூறு பேரின் கடவுச்சொற்களைக் கையில் வைத்திருந்தும் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காதவரை நேர்மையானவர் என்பதா, பிறர் விடயத்தில் அக்கறையற்றவர் என்பதா? றோஸ்மேரியிடம் கேட்டால், "எனக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்று போட்டோக்கொப்பி இயந்திரத்தின் மூடியை அடித்துச் சாத்துவார். மனிதரை அவர் அதட்டுவதில்லை. இயந்திரங்களைத்தான். தாளை விழுங்கிக்கொண்ட பிரிண்டரிடம், "என்னகா உனக்கு வருத்தம், காலையிலயே?" என்பார்.

செட்டிபாளையம் பிரதான வீதியில் பதினொரு வருடமாக அவருடைய கொமினிகேஷன் கடை இருக்கிறது. பரீட்சை முடிவு, கடவுச்சீட்டு விண்ணப்பம், வெளிநாட்டு வேலைப் பதிவு எல்லாம் அங்கேதான். வருகிறவருக்கு மின்னஞ்சல் இருக்காது. றோஸ்மேரியே ஒன்று திறந்து, கடவுச்சொல்லைத் துண்டில் எழுதிக் கொடுப்பார். வாங்கியவர் துண்டை அப்படியே மேசையில் திருப்பி வைப்பார். "உங்களிட்டயே கிடக்கட்டும் அக்கா. நான் துலைச்சுப்போடுவன்." வீட்டுத் திறப்பை அயலவரிடம் கொடுத்துவிட்டு வட்டைக்கு வயல் பார்க்கப் போகிறவர்கள் மின்னஞ்சலையும் அப்படியே கொடுத்தார்கள்.

முதலில் கொப்பியில் எழுதினார். ஒரு மார்கழி வெள்ளம் அதைக் கஞ்சியாக்கியது. பிறகு, கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் செயலி ஒன்றைக் கடைக் கணினியில் போட்டுக்கொண்டார். கடையில் பதிவதை அது இணையத்தில் எங்கோ நகலெடுத்து, வீட்டிலிருக்கும் தொடுதிரை டெப்பிலும் காட்டும். ஞாயிறு பூசை முடிந்து வீடு தேடி வருகிறவர்களுக்கு உதவுமே என்று அந்த வசதியை இயக்கிவைத்தார். டெப் வீட்டில் றோஸ்மேரிக்கும் தம்பி அன்ரோவின் குடும்பத்துக்கும் பொது. செயலியைத் திறக்கும் சொல்லோ, அக்கா தம்பி இருவரின் அம்மாவின் பெயர்.

உசாந்தி பனிச்சங்கேணியில் வாழ்க்கைப்பட்டவள். புருசனின் அடி பொறுக்காமல் வெளியேறி, வேறு மாவட்டத்தில் தையல் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தாள். விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது றோஸ்மேரி. அவள் வாடகைக்குத் தங்கும் போடிங்கின் விலாசம் அவளுடைய மின்னஞ்சலில் மட்டுமே இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை புருசன் அந்த வாசலுக்கே போய், தலைமயிரைப் பிடித்து அவளை வீதிவரை இழுத்தான். முன்வீட்டுப் பெண்கள் ஓடிவந்து பிரித்தெடுத்தார்கள்.

"அக்கா, என்ட பாஸ்வேர்ட் உங்களுக்கு மட்டும்தானே தெரியும்" என்றாள் உசாந்தி தொலைபேசியில். சத்தம் போடவில்லை. அதைத்தான் றோஸ்மேரியால் தாங்க முடியவில்லை.

வீட்டில் தம்பி அன்ரோ எதையும் ஒளிக்கவில்லை. "ஓம், நான்தான் டெப்பில பாத்துச் சொன்னன். அவன் வந்து அழுதவன். புருசன் பொஞ்சாதி ஒண்டா இரிக்கட்டும் எண்டு நினைச்சன். அது பாவமா?"

"அவள் அழேக்க நீ எங்கடா இருந்த?"

"நீ என்ன அவளுக்கு வக்கீலா?"

"உன்ட வாயால பாவம் எண்ட சொல்லு இனி வரப்படாது!"

அன்ரோ தவக்காலத்தில் ஒரு நேரச் சாப்பாட்டோடு இருப்பவன். தான் நல்லது செய்வதாக அவன் உறுதியாக நம்பினான். அப்படி நம்பியவனுக்கு உசாந்தியிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் கடை திறந்ததும் றோஸ்மேரி, டெப்புக்கு நகலெடுக்கும் அந்த வசதியை நிறுத்தினார். நிச்சயமாக நிறுத்தவா என்று கணினி கேட்டது. கணினி பழுதானால் எதுவும் மீளாது என்று மறுபடி எச்சரித்தது. "ஓம் எண்டுதானே சொல்றன், காது கேக்கலியா உனக்கு?" வீட்டுக்கு வந்து டெப்பைத் திறந்தால் இருநூறு பெயர்களும் அப்படியே இருந்தன. இனிப் போகவிருப்பதைத்தான் நிறுத்த முடிந்தது. போனது போன இடத்திலேயே இருந்தது. அதைக் கண்டதும் அவருடைய கோபம் எல்லை கடந்தது. இணையத்திலிருந்த நகலை அழித்தார். டெப்பையும் முழுதாகத் துடைத்தார்.

"அக்கா, என்ட புள்ளட புதுநன்மைப் படமெல்லாம் அதிலதான்!" என்று அன்ரோ பாய்ந்து வந்தான்.

"உசாந்திட மயிர் முளைக்கட்டும். மறுகா உன்ட படத்தத் தேடுவம்."

இதை நியாயம் என்று சொல்வது கடினம். முதல் நற்கருணை வாங்க வெள்ளைக் கவுனில் நின்ற அந்தச் சிறுமி யாருக்கும் ஒரு தீங்கும் செய்தவள் அல்ல.

அன்றிலிருந்து தம்பியோடு பேச்சில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நடந்ததைத் தம்பியின் பெயர் சொல்லியே சொன்னார். விசைப்பலகையை அவர்கள் பக்கம் தள்ளி, புதுக் கடவுச்சொல்லை அவர்களையே வைக்கச் செய்து, தன்னிடமிருந்த பதிவை அவர்கள் கண்முன்னே அழித்தார். வாவியில் வலை வீசும் சிவபாதம் மட்டும் முரண்டுபிடித்தார்.

"எனக்கு இது ஏலா புள்ள. மறந்துபோனா?"

"மறந்தா வாங்கண்ணே, புதிசா வைப்பம். என்னட்ட மட்டும் சொல்லிராதீங்க."

"உன்ன நம்பாம ஆர நம்புற?"

"அப்பிடித்தான் உசாந்தியும் நம்பினவள்."

உசாந்தி வேறு போடிங்குக்கு மாறிவிட்டாள். விலாசத்தை அவள் சொல்லவில்லை. றோஸ்மேரி கேட்கவுமில்லை.

மூன்று மாதத்தில் செயலி ஏறத்தாழ வெறுமையானது. தம்பியின் பெயர் மட்டும் அழியாமல் இருந்தது. கத்தார் வேலைக்குப் பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க அன்ரோ கடைக்கு வந்த அன்று அது அவனுக்கே தெரிந்தது. மற்றவர்களைப் போலத் தானே தட்டக் கை நீட்டினான். றோஸ்மேரி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, அவனுடைய கடவுச்சொல்லைத் தானே தட்டினார்.

"எல்லாரிடயும் அழிச்சிட்டாய். என்டத மட்டும் ஏன் வெச்சிரிக்காய்?"

றோஸ்மேரி திரையை அவன் பக்கம் திருப்பிவிட்டு, அவனுக்குப் பின்னால் நின்றவரின் அடையாள அட்டையை வாங்கக் கை நீட்டினார்.