லாபம், இரண்டு, மூன்று

என் மகளுக்கு ஒன்று தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அப்போது அவளுக்கு நாலரை வயது. தொண்ணூற்றேழோ தொண்ணூற்றெட்டோ, வருஷம் சரியாக நினைவில்லை. கன்னட ஊரில், ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி ஒற்றை அறையில் குடியிருந்தோம். அவள் அப்பா பீன்யாவில் தொழிற்சாலை வேலைக்குப் போவார். நான் வீட்டில் ஊதுபத்தி உருட்டுவேன்.

எனக்கு வெளி ஆட்களோடு பேச வராது. குழாயடியில் என் முறை வந்தால்கூட, பின்னால் நிற்பவள் ஒரு பார்வை பார்த்தால் போதும், என் குடத்தைத் தள்ளி வைத்துவிடுவேன்.

எல்.கே.ஜி.யில் சேர்த்த அன்றே மிஸ் எல்லா அம்மாக்களையும் ஒரு நோட்டு போடச் சொன்னார். பிள்ளை வீட்டில் என்ன செய்கிறது என்று தினமும் எழுதி, சனிக்கிழமை கொடுத்தனுப்ப வேண்டும். மற்றவர்கள் ‘நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாகத் தூங்குகிறான்’ என்று ஒரு மாதம் எழுதிவிட்டு விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவளுக்கு ஒரு மிஸ் வீட்டுப்பாடம் கொடுத்தால் விட மனசு வருமா? சாயங்காலம் கையில் ஒட்டிய கறுப்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு, தெரிந்த தமிழில் எழுதினேன்.

‘இன்று செருப்பை இடம் வலம் மாற்றாமல் தானே போட்டாள்.’ ‘இன்று யாரும் சொல்லாமலே தப்பு செய்தேன் என்று மூலையில் போய் நின்றாள். என்ன தப்பு என்று கேட்டால் சொல்லவில்லை. சர்க்கரை டப்பா திறந்திருந்தது.’ ‘இன்று ரயில் பெட்டிகளை எண்ணினாள். பதினாறு வரை சரியாக வந்தது. அதற்குள் ரயில் போய்விட்டது.’

திங்கட்கிழமை நோட்டு சிவப்பு டிக்கோடு திரும்பி வரும். மிஸ் படித்துவிட்டார் என்று அன்றைக்கெல்லாம் எனக்கு உருட்டுகிற கை வேகமாக ஓடும்.

வருஷக் கடைசியில் அப்பாவையோ அம்மாவையோ வரச் சொல்லிச் சீட்டு வந்தது. அவள் அப்பாவிடம் நீட்டினேன்.

“எனக்கு ஷிஃப்ட். நீ போ. உன்னைக் கடிச்சா தின்னுடப் போறாங்க?” என்றார்.

வகுப்பறையில் சுவரோரமாகப் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மிஸ் கன்னடக்காரர், ஆனால் எங்களோடு தமிழில் பேசுவார். மேஜைமேல் புளியங்கொட்டைகள் இருந்தன.

“நோடிம்மா, பாருங்க, எந்த பாஷைல வேணா எண்ணுன்னு சொன்னேன். உங்க பொண்ணுக்கு ஒன்னே தெரியல. ஃபர்ஸ்டே தப்பு. இன்னொரு வருஷம் எல்.கே.ஜி.யிலயே இருக்கட்டும்.”

மகளைப் பார்த்து, “எண்ணு,” என்றார்.

அவள் முதல் கொட்டையை நகர்த்தி, “லாபம்,” என்றாள். அடுத்ததை நகர்த்தி, “ரெண்டு.”

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் எதை எண்ணினாலும், அளந்தாலும் ஒன்றுக்குப் பதில் லாபம் என்றுதான் தொடங்குவோம். ஊதுபத்திக் கட்டு போடும்போது என் வாயைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் எண்ணக் கற்றாள்.

“அவ எண்ணறதை நோட்டுல எழுதியிருக்கேனே, மிஸ்,” என்றேன். சத்தமே வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது.

“எனக்கு தமிழ் பேச வரும்மா. ஓதக்கே பரல்ல. படிக்க வராது.”

வருஷம் முழுக்க எழுதிய பக்கங்கள் என் மடியில் இருந்தன. எல்லாவற்றிலும் சிவப்பு டிக்.

“அப்புறம் எதுக்கு மிஸ் டிக் போட்டீங்க?”

நான்தான் கேட்டேன் என்று தெரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. நோட்டைத் திறந்து வாசித்தேன். செருப்பை வாசித்தேன், சர்க்கரை டப்பாவை வாசித்தேன், ரயில் பெட்டியை வாசித்தேன்.

“அம்மாவுக்குத்தான் பரீட்சை போல,” என்றாள் பெஞ்சில் ஒருத்தி.

“ஆமா, எனக்குத்தான். உக்காந்து கேளுங்க,” என்றேன்.

மிஸ் கையை உயர்த்தி, “லாபம்ங்கிறது நம்பர் இல்லம்மா,” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“இல்லதான். ரெண்டாவது கொட்டைக்கு ரெண்டுன்னு சரியா சொல்றாளே, முதல் கொட்டைய எண்ணாமலா சொல்றா? நீங்களே ஒரு கை அள்ளிப் போடுங்க மிஸ். எவ்வளவுன்னு கேளுங்க.”

அள்ளிப் போட்டார். மகள் ஒவ்வொன்றாக நகர்த்தி, “இருபத்திமூணு,” என்று நிறுத்தினாள். மிஸ் தானும் ஒரு முறை எண்ணிப் பார்த்துக்கொண்டார். இருபத்திமூன்றுதான். பெயருக்கு நேரே எழுதியிருந்ததை அடித்துவிட்டு யு.கே.ஜி. என்று எழுதினார்.

“ஸ்கூல்ல ஒன்னுன்னு சொல்லப் பழக்குங்க,” என்றார்.

“பழக்கறேன். வீட்ல லாபம்தான், மிஸ். அதை மாத்த மாட்டேன்.”

நோட்டை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மகள் கையைப் பிடித்து வெளியே வந்தேன். தெருமுனை திரும்பியதும் அவள் நின்று, என் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துப் பரபரவென்று தேய்த்தாள்.

“ஏம்மா நடுங்கற? குளிருதா?”

ஏப்ரல் மாதத்து மத்தியான வெயில். தார் ரோடு செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.