அம்மா கேட்ட புடலங்காய்

சீவலப்பேரிப் பக்கம், வெளிநாட்டுச் சபை ஒன்றின் உதவியில் நடக்கும் இல்லத்தில் அம்மாவைக் கடைசி நாட்களுக்குச் சேர்த்திருந்தோம். அதை ஒட்டி, ஊர்க்காரர்கள் சேர்ந்து பயிர் வைக்கும் தோட்டம். அதைப் பார்த்துக்கொண்டவர் ஒல்லியானவர். சட்டைப் பையில் எப்போதும் விதைப் பொட்டலம். புதிதாக வருபவரிடம் என்ன காய் பிடிக்கும் என்று கேட்டு, அன்றைக்கே விதைத்துவிடுவார். அம்மா புடலங்காய் என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியே கூப்பிட்டு, "அண்ணாச்சி, அது காய்க்கதுக்குள்ள அம்மா போயிருவா. உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும் வே. இன்னைக்கு உம்ம அம்மா சாப்பிட்ட பீர்க்கங்கா, முன்னால அதே கட்டில்ல கெடந்தவிய கேட்டதுல்லா" என்றார்.

பல நாளைக்குப் பிறகு, அன்றுதான் அம்மா மிச்சம் வைக்காமல் சாப்பிட்டிருந்தாள்.

அவள் போய்விட்டாள். அந்தப் புடலங்காயை யாருக்குச் சமைத்துப் போட்டார்களோ, அவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாரோ என்னவோ.