குதிரைக்குப் பின்னால் நடந்த பிள்ளை

இங்கே குதிரையின் கண்களுக்கு இரு பக்கமும் தோல் மறைப்புக் கட்டிவிடுகிறார்கள். விழுப்புரம் ரயில் நிலையத்துக்கு வெளியே வரிசையாக நிற்கும் ஜட்கா வண்டிக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் அது உண்டு. இங்குள்ளவர்கள் யாரும் அதை ஒரு விசயமாக எண்ணுவதில்லை. என் மகள் வதனி மட்டும் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு நடுத்தெருவில் நின்றுவிட்டாள். எட்டு வயது அவளுக்கு. முன்னால் நின்ற வண்டிக்காரரிடமே போய், "இந்தக் குதிரைக்குக் கண்ணிலை என்ன வருத்தம்?" என்று கேட்டாள். அவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு, "அதுக்கு இன்னா வருத்தம் பாப்பா? கொள்ளு கீது, புல்லு கீது. வருத்தம்லாம் எனக்குத்தான்" என்றார். எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய் என்று நான் விளக்கப் போனேன். "அப்டியா? மலையாளமா நீங்க?" என்று கேட்டார். இந்தக் கேள்வி எனக்குப் பழகிவிட்டது. இல்லை, தமிழ்தான் என்று சொன்னால் நம்பாமல் சிரிப்பார்கள். அதனால் சில நாள்களில் தலையை மட்டும் ஆட்டிவிடுவேன்.

நாங்கள் நெடுந்தீவு. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, கடலுக்குள் தள்ளிக் கிடக்கும் தீவு. எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரர் விட்டுப்போனவற்றின் வழிவந்த கட்டைக் குதிரைகள் அங்கே தரவைப் புல்வெளியில் தம்பாட்டில் திரியும். கயிறு கிடையாது, சொந்தக்காரர் கிடையாது. யாருடைய குதிரை என்று அங்கே எவரும் கேட்டதில்லை. வதனி நடக்கப் பழகியதே அவற்றைப் பார்த்துக்கொண்டுதான். எண்பத்து நான்கில், பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு முதலில் நீ போ, வீடு வாசலுக்கு ஒரு வழி செய்துவிட்டு வருகிறேன் என்று என் கணவர் எங்களை வள்ளத்தில் ஏற்றியபோது அவள் ஏற மறுத்தாள். தகப்பனைவிட்டுப் போவது அவளுக்கு அப்போது விளங்கவில்லை. "அங்கை குதிரை இருக்கோ?" என்றுதான் கேட்டாள். "ஓம், நிறைய இருக்கு" என்றேன். ஏறிவிட்டாள். கடல் முழுக்க எனக்கு வேறு கவலைகள் இருந்தன. ஆனால் கரையேறிய பிறகு, அவர் வரும் நாள் தள்ளிக்கொண்டே போகப் போக, அந்த ஒரு வார்த்தையையாவது பொய்யாகவிடக் கூடாது என்பது எனக்குப் பிடிவாதம்போல ஆகிவிட்டது. அவளுடைய முகத்தில் பழைய பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்து நிறுத்த என்னிடம் குதிரையைத் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை.

திண்டிவனத்தில் ஒரே அறையில் குடியிருந்தோம். ஊரில் நான் ஆசிரியை. இங்கே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டுக்காரி தனம் அக்கா நல்ல மனுசி, வாய்தான் சும்மா இராது. "பொட்டப் புள்ளைக்குக் குதுர இன்னாத்துக்குமா? ஒரு பொம்மைய வாங்கிக் குடுத்துட்டு வேலயப் பாப்பியா!" என்பாள். சொல்லிவிட்டு அவளே வழியும் காட்டுவாள். கிளியனூர்ப் பக்கம் ஓர் ஐயனார் கோவிலில் ஆளைவிட உயரமான மண் குதிரைகள் இருக்கின்றன என்று அவள் சொல்லித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். பனைகளுக்கு நடுவே வாயைத் திறந்து பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. சாயம் போனவை, காது உடைந்தவை, புதிதாக வந்தவை எல்லாம் சேர்ந்து. வதனி ஒவ்வொன்றின் வயிற்றுக்குக் கீழும் குனிந்து பார்த்துவிட்டு வந்து, "இதுகள் நிக்கிறதுக்கு மட்டுமோ?" என்றாள். இங்கே மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை அவித்து விற்றுக்கொண்டிருந்த பெண்ணின் காதில் அது விழுந்துவிட்டது. "யாரு சொன்னா? ராவுல சாமி ஏறிக்கினு ஊர சுத்தி வரும்ல" என்றாள். "அப்ப பகலிலை நித்திரையோ?" என்று இவள் கேட்க, அந்தப் பெண் என்னைப் பார்த்து, "ஐயர் ஊட்டுப் புள்ளையா? புஸ்தகம் மாரி பேசுது" என்று ஒரு பிடி மல்லாட்டையை அவள் கையில் திணித்தாள். திரும்பும்போது வதனி மல்லாட்டையை எண்ணெய்ப் பிசுக்கேறிய பஸ் சன்னலில் ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்துக்கொண்டு வந்தாள்.

பங்குனியில் மயிலம் திருவிழாவுக்குப் போனோம். அங்கே ராட்டினத்தில் மரக்குதிரைகள். சிவப்பும் மஞ்சளுமாக அழகாகத்தான் இருந்தன. ஏற்றிவிட்டு, கீழே நின்று, ஒவ்வொரு சுற்றுக்கும் கையசைத்தேன். மற்றப் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். என் பிள்ளை முன்னால் போகும் குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும், "அம்மா, இதுகள் ஒண்டையொண்டு எப்பவும் எட்டிப் பிடிக்காதுகள்" என்றாள். ராட்டினக்காரர், "இன்னொரு ரவுண்டு ஏத்திவுடும்மா, பயம் தெளிஞ்சிடும்" என்றார். பயம் எனக்குத்தான் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

கடைசியில் அந்த ஜட்கா வண்டிக்காரர்தான் கைகொடுத்தார். பெயர் காதர் பாய். அகதிப் பதிவுக்காக மாதம் ஒருமுறை விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் நான் நேரில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்து திரும்பும்போது அவருடைய வண்டியில் பஸ் நிலையம்வரை போவோம். நடந்தே போகக்கூடிய தூரம்தான். வதனியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் கடிவாள வாரின் நுனியை அவள் கையில் கொடுப்பார். "அதட்டு பாப்பா. ஹை சொல்லு. நீ சொன்னாத்தான் சுல்தான் கேப்பான், என் பேச்ச அவன் மதிக்கறதே இல்ல" என்பார். வதனி அதட்டமாட்டாள். குனிந்து, எங்கள் ஊர்ப் பேச்சில் ஏதோ சொல்வாள். சுல்தான் காதை மடக்கும். அப்போது அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக நான் மாதம் முழுவதும் காத்திருந்தேன் என்றால் மிகையில்லை.

ஒரு மாதம் அலுவலகத்தில் பெருங்கூட்டம். வதனியை முற்றத்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு வரிசையில் நின்றேன். இடையில், இந்த அறை இல்லை, பின்கட்டுக்குப் போங்கள் என்று அனுப்பினார்கள். வெளியே வந்தபோது மரத்தடியில் அவள் இல்லை. முதலில் சத்தமாகக் கூப்பிடக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு கத்தினேன். தெருவுக்கு ஓடினேன். பஸ் நிலையத்தில் ஒவ்வொரு பஸ்ஸுக்குள்ளும் ஏறி இறங்கினேன். டீக்கடைக்காரர், "கவுனு இன்னா கலரும்மா?" என்று கேட்டார். என் மகளுக்குக் காலையில் நான் போட்டுவிட்ட சட்டையின் நிறம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. காவல் நிலையத்தில் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, "பதறாதீங்கம்மா. புள்ளைக்கு அட்ரஸ் சொல்லத் தெரியுமா? யாராச்சும் பாத்தா கேட்டு இட்டாந்து வுட்டுடுவாங்க" என்றார். அவளுக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஊரில் தகப்பன் பெயரைச் சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவந்து விடுவார்கள். இங்கே அவளுடைய தகப்பன் பெயர் யாருக்குத் தெரியும்? அந்த நாற்காலியில் இருந்தபடி, வள்ளத்தில் அவள் கேட்டபோது இல்லை என்று சொல்லியிருந்தால், அங்கேயே அழுது அடம்பிடித்து நின்றிருந்தால், எங்களோடு வர அவர் மனம் மாறியிருப்பாரோ என்றெல்லாம் தறிகெட்டு நினைத்தேன்.

ரயில் நிலையத்துக்கு ஓடியபோதுதான் வண்டி நிறுத்தத்தில் ஒருவர், "வெளுத்த புள்ள, ரெட்ட ஜடையா? பாய் வண்டி பின்னால நடந்து போய்க்கினு இருந்துச்சே. அவரு சவாரிய எறக்கிட்டுக் குதுரைக்குத் தண்ணி காட்டப் போயிருப்பாரு, அந்தாண்ட பாருங்க" என்று கை காட்டினார். தண்டவாளத்துக்கு அருகே ஒரு கல் தொட்டி. சுல்தான் வாயை நீரில் வைத்திருந்தது. கண்மறைப்பைக் காதர் பாய் கழற்றிவிட்டிருந்தார். தொட்டியின் விளிம்பில், புழுதி படிந்த கால்களைத் தொங்கவிட்டபடி, என் பிள்ளை.

காதர் பாய் என்னைப் பார்த்ததும் வெடித்தார். "இன்னாம்மா நீ! எங்க போயிட்ட? ஆஸ்பத்திரி ரோடுலேர்ந்து பின்னாலயே வந்துக்கினு கீது. ஏறு ஏறுன்னா ஏறமாட்டேங்குது. நடந்துதான் வரணுமாம்! ஜல்தி ஓட்டுனா புள்ள தவறிப்பூடும்னு நானும் மாட்டுவண்டி மாரி ஓட்டறேன். சவாரிக்காரரு ரயிலு போச்சுன்னு என்ன கீய் கீய்னு கீய்க்கறாரு. எல்லாம் பேஜாரு." சொல்லிக்கொண்டே அவர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

நான் அவளை அள்ளிக் கட்டிக்கொண்டேன். அவள் அழவில்லை. என் கையை விலக்கினாள். கோபமாக இருந்தாள். "அம்மா, வரிசையிலை உங்களைக் காணேல்லை எண்டு நான் சரியாத்தானே தண்ணியடிக்கு வந்தனான். நீங்கள் ஏன் வரேல்லை?"

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் அரிது. கோடையில் அது எங்கே கிடக்கிறதென்று மனிதருக்கு முன் குதிரைக்குத் தெரியும். அதனால் தரவையில் வழி தவறிய பிள்ளைக்கு ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிவைப்போம்: பயப்படாதே, ஒரு குதிரையைப் பார், அதற்குப் பின்னால் நட, மேலே ஏறாதே, மிரட்டாதே. அது துரவடிக்கு, நீர் கிடக்கும் குழியடிக்கு, போகும். அங்கே நில். பிள்ளையைத் தேடுகிற பெற்றோரும் வேறெங்கும் அலையமாட்டார்கள், நேரே துரவடிக்குத்தான் வருவார்கள். நானும் சிறுமியாக இருந்தபோது ஒருமுறை அப்படி நடந்திருக்கிறேன். புழுதியில் அசையும் ஒரு வாலைப் பார்த்துக்கொண்டே நடந்து, பூவரச மரங்களுக்கிடையே நீரின் பளபளப்பைக் கண்டபோது, என் ஐயா எனக்கு முன்பே வந்து அங்கே குந்தியிருந்தார். ஏசவில்லை. கையால் அள்ளித் தண்ணீர் பருக்கினார். அதை வதனிக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

விழுப்புரத்துத் தெருக்களில் அவ்வளவு நேரம் ஓடியபோது அது ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை. பஸ் நிலையம், காவல் நிலையம், ரயில் நிலையம் என்று இந்த ஊர்த் தாய் ஒருத்தி தேடும் இடங்களில்தான் நான் தேடினேன். அவள் எங்கள் ஊரில் தொலைந்தாள், நான் இந்த ஊரில் தேடினேன். என்னை இன்றுவரை உலுக்குவது அதுதான். காதர் பாயிடம் நன்றிகூட ஒழுங்காகச் சொன்னேனா என்று தெரியவில்லை.

திரும்பும் வழியில், பஸ்ஸிலேயே, இனிமேல் தொலைந்தால் குதிரைக்குப் பின்னால் போகக் கூடாது என்று சொன்னேன். இங்கே குதிரை, சவாரிக்காரர் சொல்லும் இடத்துக்குத்தான் போகும். ஒரு கடை வாசலில் நின்று விலாசத்தைச் சொல்ல வேண்டும். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள். வீட்டுக் கதவெண், தெரு, திண்டிவனம் என்று ஒரு கிழமை, ஏழு நாளும், சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினாள். தனம் அக்கா அடிக்கடி குறுக்கே கேட்டுச் சோதிப்பாள். "எங்கடி ஊடு?" என்றதும் அக்காவின் பேச்சிலேயே, அவள் இழுப்பிலேயே வதனி ஒப்புவிப்பாள். "நம்ம ஊருப் புள்ள ஆயிட்டா!" என்று அக்கா திருஷ்டி கழிப்பாள்.

இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை விழுப்புரம் போகிறோம். வண்டி நிறுத்தத்தைக் கடக்கும்போது வதனி சுல்தானைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வந்துவிடுகிறாள். ஏறுவோமா என்று கேட்டால், வேண்டாம், பஸ் போய்விடும் என்கிறாள். நான்தான் தண்ணீரைத் தேடுகிறேன். எந்தச் சந்தில் அடிபம்பு, எந்தக் கோவிலடியில் குளம், எங்கே மாடுகள் குடிக்கும் தொட்டி என்று போகிற வழியெல்லாம் பார்த்து மனதில் வைத்துக்கொள்கிறேன். இனி அவள் ஒருநாள் என் கைதவறிப் போனால், ஏதோ ஒரு கடை வாசலில் நின்று, திண்டிவனத்து விலாசத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் தொட்டியடியில் நிற்பேன்.