புதுச் சிலிண்டரின் அளவு

நான் இருந்தேன். மனைவி இருந்தாள். மகள் இருந்தாள். சுடுதண்ணிச் சிலிண்டர் ஓட்டையாகி ஒழுகியதால் மதுரைக்காரப் பிளம்பர் ஒருவரும் வந்திருந்தார். மகன் மட்டும் இல்லை. விரி என்ற புறநகரில் வேலை முடிந்து வரும் வழியில் விபத்தில் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

“வீட்ல எத்தனை பேர் குளிப்பீங்கண்ணே?” என்று பிளம்பர் கேட்டார். “மூணு பேர்னா சின்னதே போதும். நாலுன்னா பெருசு வேணும்.”

“நாலு பேர்,” என்றாள் மனைவி.

“அம்மா, த்ரீ,” என்றாள் மகள் மெதுவாக.

“அவன் அரை மணித்தியாலம் நிண்டு குளிப்பான். பிறகு எங்களுக்குப் பச்சைத்தண்ணிதான். பெருசாப் போடுங்கோ தம்பி.”

இந்த மூன்று மாதமும் அவள் குளிக்கப் போன கையோடு திரும்பி வந்துவிடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவனுக்குச் சுடுதண்ணி மிச்சம் வைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் விளங்கியது. அவனைப் பற்றிக் கதைக்காமல் இருந்தால் வீடு தாங்கும் என்று நான் நினைத்திருந்தேன். அவளைத் தனியே விட்டதுதான் மிச்சம்.

பிளம்பர் குழம்பிப்போய் என் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, நீங்க சொல்லுங்க. எத்தனை பேர்?”

“நாலு.”