அப்பாவின் மறதியை முதலில் கண்டவர்

நனைந்த செம்மண்ணும் மண்ணெண்ணெய்ப் புகையும் கலந்த மணம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. கோப்பாயில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துச் செல்லத்துரையருக்கும் பொதுவாக ஒரு "பங்குக் கிணறு" இருந்தது. அவரவர் "முறை" நாளில்தான் தண்ணீர் இறைக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பா அந்த முறையை ஒரு நாளும் பிசகவிட்டதில்லை.

நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது அது பிசகத் தொடங்கியது. கேட்டதையே திரும்பக் கேட்டார்; காலமெல்லாம் தன் கையால் இயக்கிய இறைப்பு மிசினுக்கு முன்னால், எதை முதலில் தொடுவது என்று தெரியாமல் நின்றார்; இறைக்கப் போனவர் இறைக்காமலே திரும்பி வந்தார். வெங்காயத் தாள் வாடிப் படுத்துவிட்டது. "வெறியிலையே நிக்கிறியள்? தோட்டம் காயுது!" என்று அம்மா ஏச, கள்ளைத் தொட்டறியாத மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எங்கள் வீட்டில் முதலாவதாகப் பள்ளிக்கூடம் போன எனக்கும் அது நோயென்று விளங்கவில்லை.

ஒரு விடுமுறைக் காலையில் அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனபோது, வேலிக்கு அப்பால் செல்லத்துரையரின் குரல் கேட்டது.

"அண்ணை, இண்டைக்கு என்ரை முறையெல்லோ! மறந்திட்டியளே?"

அன்று எங்கள் முறை. அப்பாவோ, "ஓமடாப்பா, குறை நினையாதை," என்று மிசினை நிறுத்திவிட்டு நடந்தார். அவர் போனதும் செல்லத்துரையர் தன் கூலியாளிடம் சிரித்தார்: "உந்தாளுக்கு அறளை பேந்து கனகாலம். வீட்டுக்காரருக்குத்தான் இன்னும் தெரியேல்லை."

அறளை என்கிற அப்பாவின் மறதி நோயை ஊரில் முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். கண்டுபிடித்தவர் எங்களிடம் சொல்லவில்லை; தன் பாத்திக்குத் தண்ணீர் கட்டினார்.

நான் சொன்னதைக் கேட்டு அம்மா அவருடைய வாசல் படலையடியில் நின்று மண் அள்ளித் திட்டினார். அதன்பின் "நன்மை தின்மை"க்குக்கூடப் போக்குவரத்து இல்லை. அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பினேன். ஒரு நாள் அவரை நாலு பேர் முன்னால் நிறுத்தி "ஏன் செய்தனியள்?" என்று கேட்க வேண்டும் என்ற வைராக்கியத்திலேயே வளர்ந்தேன்.

சென்ற மாதம் அவராகவே எங்கள் முற்றத்துக்கு வந்தார். "தம்பி, அண்ணை தோட்டத்தாலை வந்திட்டாரே?" என்று சிரித்தார். பின்னால் ஓடிவந்த அவருடைய மகள் வசந்தியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியேடா, அப்பா கோவத்தை விட்டிட்டு ராசியாக வந்திட்டார்." ஊரும் அப்படித்தான் சொன்னது. மனிதர் திருந்திவிட்டாராம்.

எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டதுமே விளங்கிவிட்டது.

"உது ராசி இல்லை, அக்கா, அப்பாவுக்கு வந்த அதே வருத்தம். நாளைக்கே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போவம். வேளைக்குக் காட்டினால் கொஞ்ச நாளைக்கெண்டாலும் நினைவைப் பிடிச்சு வைக்கலாமாம்."

"அவரிலை உனக்கு இவ்வளவு பாசமே?"

"பாசமோ? செய்ததை மறந்திட்டு அவர் நிம்மதியாக இருக்கக்கூடாது."

அந்தக் கிணறு தூர்ந்துவிட்டது. அம்மாவும் இல்லை, அந்தக் கூலியாளும் இல்லை. அப்பாவுக்கு நடந்ததை அறிந்தவர்களில் மிச்சம் அவரும் நானும்தான். அவருக்குள்ளிருந்தும் அது கழன்றுகொண்டிருக்கிறது. கிளினிக் நாட்களில் நானே அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்கிறேன். குளிசையை விழுங்கிவிட்டாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.